தங்கைக்கு வக்கீல் தேடும் அண்ணனுக்கு

நீலகிரி மலையில் இருக்கும் சேரம்பாடியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "மேடம், தங்கையையும் குழந்தையையும் மாப்பிள்ளை விட்டுவிட்டுப் போய் எட்டு மாதம் ஆகிறது. ஜீவனாம்சம் கேட்க வேண்டும். கோயம்புத்தூரில் ஒரு நல்ல குடும்ப வக்கீல் இருக்கிறாராம். ஃபீஸ் கட்டுப்படியாகவில்லை. பணம் சேரட்டும் என்று காத்திருக்கிறோம். யாரிடம் போவது?" படித்ததிலிருந்து அந்த எட்டு மாதம்தான் மனதை அரிக்கிறது. அதற்கு அப்புறம் வருகிறேன்.

எப்போதும் சொல்வதைத்தான் இப்போதும் சொல்கிறேன். ஃபீஸ் எவ்வளவு என்று மட்டும் கேட்காதீர்கள். ஒரு வாய்தாவுக்கு எவ்வளவு ஆகும் என்று கேளுங்கள். தேவாலா பக்கம் தேயிலை பறிக்கிற ஒரு அம்மா மலைக்குக் கீழே சமவெளியிலிருந்துதான் வக்கீல் வைத்தார். ஒவ்வொரு வாய்தாவுக்கும் அவர் மலையேறி வர கார் வாடகை இந்த அம்மாவின் தலையில். ஆனி, ஆடி மழையில் நடுவட்டம் பக்கம் மரம் விழுந்தால் அவர் வரமாட்டார், தேதி தள்ளிப்போகும். இந்த அம்மா மட்டும் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு கூடலூர் கோர்ட் வாசலில் நிற்பார். பேசிய ஃபீஸைவிடக் கார் வாடகை அதிகமாகிவிட்டது. கூடலூரிலேயே இருக்கும் வக்கீல் நடந்தே கோர்ட்டுக்கு வந்துவிடுவார். அந்த மாஜிஸ்திரேட் முன்னால் தினமும் நிற்பவரும் அவர்தான்.

மாப்பிள்ளை எந்த ஊரில் இருந்தாலும் சரி, ஜீவனாம்ச மனுவைத் தங்கை வசிக்கும் இடத்திலேயே போடலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இது பிரிவு 125, 2024 ஜூலையிலிருந்து அதற்குப் பதில் வந்த புதிய சட்டத்தில் பிரிவு 144. அடி, மிரட்டல் இருந்திருந்தால் 2005ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டத்திலும் அப்படியே.

சரி, பணம். தம்பி, உங்கள் தங்கை ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டியதில்லை. 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டம், பிரிவு 12. அதில் பெண்களுக்கு வருமான வரம்பே கிடையாது. நீங்கள் ஆட்டோ ஓட்டுகிறீர்களா, சொந்த வீடு இருக்கிறதா என்று யாரும் பார்க்க மாட்டார்கள். பெண் என்பதே தகுதி. கூடலூர் கோர்ட்டில் வட்ட சட்டப் பணிகள் குழு இருக்கிறது, ஊட்டியில் மாவட்ட ஆணையம் இருக்கிறது. 15100 என்ற எண்ணுக்கு போன் செய்தும் கேட்கலாம். "இலவச வக்கீல் ஒழுங்காக வாதாடுவாரா?" என்று அடுத்து கேட்பீர்கள். அதே கோர்ட்டில் மற்றவர்களுக்குப் பணம் வாங்கி வாதாடுபவர்தான் அவர். உங்கள் வழக்குக்கான ஊதியத்தை ஆணையம் கொடுக்கிறது. தனியாகப் பணம் கேட்டால் குழுவிடம் புகார் சொல்லுங்கள், வக்கீலை மாற்றித் தரச் சொல்லுங்கள்.

பணம் கொடுத்தே வைப்பதானால், வழக்கை நடத்த வக்கீலுக்கு அதிகாரம் கொடுக்கும் வக்காலத்தில் கையெழுத்துப் போடும் முன்பே மொத்தத்தையும் பேசிவிடுங்கள். பிடிக்காமல் வக்கீலை மாற்றினால், ஃபீஸ் பாக்கி என்று கேஸ் கட்டைப் பிடித்து வைத்துக்கொள்ள அவருக்கு உரிமை இல்லை. 2000ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இப்போது அந்த எட்டு மாதம். யாரிடம் போவது என்று கேட்டீர்கள். எப்போது போவது என்று கேட்டிருந்தால் இன்னும் சந்தோஷப்பட்டிருப்பேன். ஜீவனாம்சத்தை மனு போட்ட தேதியிலிருந்து கணக்கிட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020 நவம்பரில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. விட்டுப்போன தேதியிலிருந்து அல்ல, மனு போட்ட தேதியிலிருந்து. பணம் சேரட்டும் என்று நீங்கள் காத்திருக்கும் ஒவ்வொரு மாதமும் குழந்தையின் பால் காசு போகிறது. வழக்கு முடியும்வரை இடைக்கால ஜீவனாம்சமும் கேட்கலாம். நோட்டீஸ் போய்ச் சேர்ந்து 60 நாளுக்குள் அதை முடிக்கப் பார்க்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது.

தங்கையின் ஆதார், குழந்தையின் பிறப்புச் சான்றிதழ், கல்யாணப் பத்திரிகையோ போட்டோவோ, மாப்பிள்ளையின் வேலை, சம்பளம் பற்றிக் கையில் இருக்கும் எந்தக் காகிதமானாலும் ஒரு பையில் போடுங்கள். திங்கட்கிழமை தங்கையையும் கூட்டிக்கொண்டு கூடலூருக்குப் போங்கள். யானை நடமாட்டம் இருந்தால் விடியற்காலை பஸ் வேண்டாம், அடுத்த பஸ்ஸில் போங்கள், போதும்.