பச்சைப் புள்ளி போட்ட சாக்லேட் எல்லாம் வீகனா? கோபியிலிருந்து வந்த ஒரு கேள்வி

வணக்கமுங்க. போன வீடியோவில் தோப்பில் கோகோ காய் உடைத்துக் காட்டினேன் இல்லையா, அதற்கப்புறம் நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன. இன்றைக்கு ஒன்றே ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். கோபிச்செட்டிப்பாளையத்திலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார், படிக்கிறேன்.

"என் மகள் கோயமுத்தூரில் வேலை பார்க்கிறாள். ஆறு மாதமாகப் பால், தயிர், நெய் எதையும் தொடுவதில்லை. வீகன் என்கிறாள். டார்க் சாக்லேட்டில் பால் இருக்காது என்று கடைக்காரர் சொன்னார், பச்சைப் புள்ளியும் இருந்தது, வாங்கி வைத்தேன். அம்மணி பின்பக்கம் திருப்பிப் படித்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் மேசையில் வைத்துவிட்டாள். எதைப் பார்த்து வாங்குவது? அடுத்த வாரம் அவளுக்குப் பிறந்தநாள், கேக்கும் செய்ய வேண்டும்."

அம்மா, உங்கள் மேல் தப்பு ஒன்றும் இல்லீங்க. வீகன் என்றால் இறைச்சி, முட்டை மட்டுமில்லை, பால், தேன் என்று உயிரினங்களிடமிருந்து வருகிற எதையும் சாப்பிடாதவர்கள். வாசலில் மாடு கட்டி, விடிகாலையில் சொசைட்டிக்குப் பால் ஊற்றி வளர்ந்த ஊர் நம்முடையது. பாலை அசைவத்தோடு சேர்த்து நினைக்க நமக்கு வரவே வராது. சட்டமும் அப்படித்தான் நினைக்கிறது. பச்சைப் புள்ளி என்பது சைவம் என்பதற்கான குறி மட்டும்தான். எது அசைவம் என்று நம் நாட்டு லேபிள் விதியில் சொல்லும்போதே பாலையும் பால் பொருட்களையும் தேனையும் தேன்மெழுகையும் அரக்கையும் அதிலிருந்து விலக்கித்தான் எழுதியிருக்கிறார்கள். அதனால் பாதிக்குப் பாதி பால் பவுடர் போட்ட மிட்டாயாக இருந்தாலும் அதில் பச்சைப் புள்ளி இருக்கும். யாரும் ஏமாற்றவில்லை, அந்தக் குறிக்கு அவ்வளவுதான் பொருள்.

வீகனுக்கென்று தனி முத்திரை இருக்கிறது. 2022-ல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் இதற்கு விதி கொண்டுவந்தது. பச்சைக் கட்டத்துக்குள் 'வி' என்ற ஆங்கில எழுத்து, அதில் சின்னதாக ஓர் இலை, கீழே வீகன் என்று எழுதியிருக்கும். அது இருந்தால் தைரியமாக எடுங்கள். ஆனால் அது இல்லை என்பதற்காக ஒரு சாக்லேட்டை ஒதுக்கிவிடாதீர்கள். அந்த முத்திரைக்குத் தனியாக அனுமதி வாங்க வேண்டும், சின்னதாகத் தொழில் செய்கிறவர்கள் பலர் வாங்கியிருக்க மாட்டார்கள். அங்கேதான் உங்கள் மகள் செய்த வேலையை நாமும் செய்ய வேண்டும். திருப்பிப் படிக்க வேண்டும்.

படிக்கும்போது முதலில் மிரட்டுகிற சொல் 'கோகோ பட்டர்'. பட்டர் என்று பார்த்ததும் வெண்ணெய் என்று நினைத்து நல்ல சாக்லேட்டைக் கீழே வைத்துவிடுகிறவர்களை நானே பார்த்திருக்கிறேன். அது வெண்ணெய் இல்லை. எங்கள் ஆனைமலைப் பக்கம் தென்னைக்கு நடுவே ஊடுபயிராகக் கோகோ வைத்திருக்கிறார்கள். காயை உடைத்தால் வெள்ளைச் சதையோடு கொட்டை இருக்கும். அதைச் சதையோடே ஐந்தாறு நாள் புளிக்க வைத்து, காயவைத்து, வறுத்து, இடித்து, முறத்தில் போட்டுத் தோலைப் புடைத்து எடுப்போம். மிஞ்சுகிற பருப்பை, சாக்லேட்டுக்கென்றே செய்த கிரைண்டரில் போட்டு ஓட்டினால் முதல் அரைமணி நேரம் கரகரவென்று பொடியாகத்தான் கிடக்கும். அப்புறம் கல் சூடேறச் சூடேற ஓரத்தில் மினுமினுப்புத் தட்டும். கொஞ்ச நேரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீரும் எண்ணெயும் ஊற்றாமலே அது கூழாகி, குழம்பு மாதிரி ஓட ஆரம்பிக்கும். அந்தப் பருப்பில் பாதிக்கு மேல் கொழுப்புத்தான். கொப்பரையை ஆட்டினால் தேங்காய் எண்ணெய் வருகிற மாதிரி, கோகோவை ஆட்டினால் வருவது கோகோ பட்டர். அதில் மாட்டுக்குச் சம்பந்தமே இல்லை.

கிரைண்டர் பற்றிச் சொன்னேன் இல்லையா, ஒரு சந்தோஷத்தையும் சொல்லிவிடுகிறேன். இன்றைக்கு வெளிநாட்டில் சின்ன அளவில் கொட்டையிலிருந்து சாக்லேட் செய்கிறவர்கள் பலர் வைத்திருப்பது நம் கோயமுத்தூர் வெட் கிரைண்டரின் வழியில் வந்த மெஷினைத்தான். இங்கிருந்துதான் ஏற்றுமதியாகிறது. இட்லி மாவு ஆட்டிய கல், இப்போது அங்கே சாக்லேட் ஆட்டிக்கொண்டிருக்கிறது.

சரி, எந்தச் சொல்லைக் கண்டால் கீழே வைக்க வேண்டும்? மில்க் சாலிட்ஸ், மில்க் பவுடர், பட்டர் ஆயில், மில்க் ஃபேட், வே பவுடர், லாக்டோஸ், கேசின். எல்லாம் பால்தான். வே என்பது பால் திரிந்தால் தெளிந்து நிற்குமே, அந்தத் தண்ணீர். டார்க் சாக்லேட்டில் அதிகம் ஒளிந்திருப்பது பட்டர் ஆயிலும் மில்க் ஃபேட்டும்தான். கசப்பைக் குறைத்து, வாயில் மெதுவாகக் கரைய வைப்பதற்காகப் போடுகிறார்கள். உங்கள் மகள் பார்த்ததும் அநேகமாக இதில் ஒன்றாகத்தான் இருக்கும். முன்பக்கம் 55 சதவீதம், 70 சதவீதம் என்று போட்டிருப்பது கோகோவின் அளவு. மிச்சத்தில் சர்க்கரை மட்டும்தான் இருக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

லெசித்தின் என்று இருந்தால் பயப்பட வேண்டாம், அது சாக்லேட்டை இளக்கமாக்கச் சேர்ப்பது. பட்டியலில் சில பொருட்களைப் பெயருக்குப் பதில் எண்ணாலும் எழுதுவார்கள், லெசித்தினுக்கு எண் 322. சாக்லேட்டில் வருவது பெரும்பாலும் சோயாவிலிருந்தோ சூரியகாந்தியிலிருந்தோ எடுப்பது. 476 என்பதும் அதே வேலைக்குச் சேர்ப்பதுதான், ஆமணக்கெண்ணெய் வழி வருவது. பளபளவென்று மெருகு போட்ட உருண்டைச் சாக்லேட்டுகளில் மட்டும் இன்னொன்றையும் பாருங்கள். 904 என்றால் அரக்கு, பூச்சியிலிருந்து வருவது. 901 தேன்மெழுகு. முன்னே சொன்னபடி, இது இரண்டும் இருந்தாலும் பச்சைப் புள்ளி போடலாம்.

நான் ஏமாந்த இடத்தையும் சொல்கிறேன். வீட்டில் சாக்லேட் செய்ய மொத்தக் கடையில் 'டார்க் காம்பவுண்ட்' பாளம் வாங்கினேன். காம்பவுண்ட் என்றால் கோகோ பட்டருக்குப் பதிலாக வேறு தாவரக் கொழுப்பு போட்டது. தாவரக் கொழுப்புத்தானே, பால் எங்கே வரப்போகிறது என்று நம்பி, வீகனாக இருக்கிற ஒரு தோழிக்கு டப்பா நிறையச் செய்து கொடுத்துவிட்டேன். மறுநாள் அட்டைப்பெட்டியை மடித்து வைக்கும்போதுதான் கண்ணில் பட்டது, ஓரத்தில் மில்க் சாலிட்ஸ். அவளைக் கூப்பிட்டுச் சொன்னபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. அதனால் ஊட்டிக்குப் போய்வருகிறவர்கள் உதிரியாக எடை போட்டு வாங்கி வருகிற ஹோம்மேட் சாக்லேட் விஷயத்தில் கறாராக இருக்கிறேன். அதில் லேபிள் கிடையாது. கடைக்காரர் வாய்ச்சொல்லை நம்பாமல், எந்தப் பாளத்தில் செய்தீர்கள், அதன் உறையைக் காட்டுங்கள் என்று கேளுங்கள். காட்டவில்லை என்றால் விட்டுவிடுங்கள்.

அப்புறம் 'கன்டெய்ன்ஸ் மில்க்', 'மே கன்டெய்ன் மில்க்' என்று இரண்டு இருக்கும். முதலாவதில் பால் சேர்த்திருக்கிறார்கள். இரண்டாவதில் சேர்க்கவில்லை, ஆனால் பால் சாக்லேட் ஓடுகிற அதே மெஷினில் ஓடுவதால் ஒட்டிக்கொண்டு வந்திருக்கலாம். கொள்கைக்காகப் பாலை விட்டவர்கள் பலர் இந்த இரண்டாவதைச் சாப்பிடுகிறார்கள், அது அவரவர் முடிவு. உங்கள் மகளையே கேட்டுவிடுங்கள். ஆனால் பால் அலர்ஜி இருக்கிற குழந்தைக்கு வாங்குகிறீர்கள் என்றால் கதை வேறு. அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2015-ல் வெளியிட்ட சோதனையில், பால் சேர்த்ததாக எழுதாத டார்க் சாக்லேட்டுகளில் பாதிக்கு மேல் பால் இருந்தது. அலர்ஜிக்காரர்களுக்கு அந்த ஒட்டுப் பாலே ஆபத்து. வீகன் முத்திரையை மட்டும் நம்பியும் கொடுக்காதீர்கள், டாக்டரிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

எந்தக் கம்பெனி என்று பெயர் கேட்பீர்கள். சொல்ல மாட்டேன். சேர்மானத்தை மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள், ஒரே பெயரில் இங்கே ஒரு மாதிரியும் துபாயில் ஒரு மாதிரியும் வருகிறது. நான் சொல்லி நீங்கள் படிக்காமல் வாங்கினால் மறுபடியும் மேசையில்தான் கிடக்கும். கோகோ, சர்க்கரை, கோகோ பட்டர், வேண்டுமானால் லெசித்தின். இவ்வளவோடு முடிகிற பட்டியலாகத் தேடுங்கள்.

இப்போது கேக்குக்கு வருகிறேன். மேலே ஊற்ற கிரீம் வேண்டாம், தேங்காய்ப் பால் போதும். பொட்டலத்தில் வருகிற தேங்காய்ப் பால் பவுடரை வாங்காதீர்கள், பலவற்றில் சோடியம் கேசினேட் இருக்கிறது, அதுவும் பாலிலிருந்து வருவதுதான். வீட்டுத் தேங்காயைத் துருவிக் கெட்டியாக முதல் பால் எடுங்கள். 100 மில்லி பாலில் இரண்டு ஸ்பூன் நாட்டுச் சர்க்கரை, கவுந்தப்பாடிச் சர்க்கரை உங்களுக்குப் பக்கத்திலேயே கிடைக்கும், கரைத்து வடிகட்டி, கொதிக்க விடாமல் ஓரத்தில் சின்னச் சின்னக் குமிழி வரும்வரை சூடாக்குங்கள். 200 கிராம் சாக்லேட்டைப் பொடியாக நறுக்கி வைத்து, அதன்மேல் ஊற்றி இரண்டு நிமிடம் தொடாமல் விடுங்கள். அப்புறம் நடுவிலிருந்து மெதுவாகக் கலக்குங்கள். முதலில் திரிந்த மாதிரி இருக்கும், பதறாதீர்கள், கலக்கக் கலக்கப் பளபளவென்று சேர்ந்துவரும். கேக் ஆறினபிறகு ஊற்றி ஃப்ரிட்ஜில் வையுங்கள். தேங்காய்ப் பால் என்பதால் இரண்டு நாளுக்குள் சாப்பிட்டு முடித்துவிட வேண்டும். சாக்லேட் உறையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அம்மணி வந்ததும் கேட்காமலே அவள் கையில் கொடுத்துவிடுங்கள்.