அச்சாணியைத் தேடி வந்த விமானங்கள்

அவைத்தலைவர் ஐயா அவர்களே, அழைப்பிதழில் பெயர் விடுபட்டும் மனம் கோணாமல் முதல் வரிசையில் வீற்றிருக்கும் ஓய்வுபெற்ற விமானப்படை அதிகாரி அவர்களே, பொன்னாடை போர்த்திய மயிலாப்பூர் நண்பர்களே, மாலை நெரிசலைத் தாண்டி வந்த தாய்மார்களே, வணக்கம்.

எதிரியின் சப்ளையை வானிலிருந்து அறுக்க முடியுமா? பாலம், எரிபொருள், மராமத்து என்று மூன்றாகப் பிரித்துப் பேசுகிறேன். ‘அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது.’ குண்டு போடுகிறவன் தேடுவதும் அந்த அச்சாணியைத்தான்.

வடவியட்நாமில் மா ஆற்றின் மேல் ஹாம் ரோங் பாலம். தெற்கே போகும் ரயிலுக்கும் லாரிக்கும் அதுதான் வழி. நீளம் சுமார் 160 மீட்டர், நடுவில் ஒரே ஒரு கான்கிரீட் தூண். 1965 ஏப்ரல் 3, அமெரிக்கர்கள் 79 விமானங்களை ஏவினார்கள். 32 புல்பப் ஏவுகணைகள். 750 பவுண்டு குண்டுகள் வேறு. புகை விலகியது. பாலம் நின்றது! புல்பப்பின் வெடிமுனை வெறும் 250 பவுண்டு. இரும்பில் கரிதான் பூசியது. மறுநாளும் வந்தார்கள். வடவியட்நாமின் மிக்-17 போர் விமானங்கள், அமெரிக்கர்களின் எஃப்-105 விமானங்கள் இரண்டை வீழ்த்தின; பாலம் அப்போதும் நின்றது. ஏழு வருஷம் ஐயா! 1972 மே 13 அன்று லேசர் வழிகாட்டிய குண்டுகள் விழுந்த பிறகுதான், தூணுக்கும் மேற்குக் கரைக்கும் இடைப்பட்ட பாலத் துண்டு கரையிலிருந்து பிடுங்கிக்கொண்டு சாய்ந்தது.

அதுவரை எதிரி சும்மாவா இருந்தான்? இரவில் படகுப் பாலம். காட்டுப் பாதையில் சைக்கிள்: ஹாண்டில்பாரில் ஒரு மூங்கில், சீட்டுக் கம்பியில் ஒரு மூங்கில், நடுவே 200 கிலோ மூட்டை, தள்ளிக்கொண்டே நடை. சைக்கிளுக்கு ஏது அச்சாணி?

இரண்டாம் உலகப் போரில், இத்தாலியில் 1944 மார்ச் முதல் நேச நாட்டு விமானங்கள் ஜெர்மானியரின் ரயில் பாதைகளை நொறுக்கின. ஜெர்மானியர் சிக்கனமாகச் சமாளித்தார்கள். மே 11 அன்று தரைப்படை மோதியபோதுதான் பெட்ரோலும் தோட்டாவும் கரைந்து, பாதையின் அருமை உறைத்தது. சமைக்காத வீட்டில் சிலிண்டர் தீருமா?

தலைவர் மணியடித்துவிட்டார், எரிபொருளை இன்னொரு நாள் பார்ப்போம். மராமத்துதான் முக்கியம். பெய்லி பாலம் என்பது துண்டு துண்டாகக் கொண்டுவந்து பூட்டும் இரும்புப் பாலம். அதன் ஒரு பேனல் 10 அடி நீளம், 5 அடி உயரம், 260 கிலோ. ஆறு பேர் தூக்கிவிடலாம், கிரேன் வேண்டாம். பேனலோடு பேனலைப் பூட்டுவது ஒரு சாண்கூட இல்லாத இரும்பு ‘பின்’ஆணி. அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது! அந்தப் ‘பின்’ துருப்பிடித்தால் துளையில் இறங்காது.

2015 டிசம்பரில் அடையாறு பெருகி, சைதாப்பேட்டை மறைமலை அடிகள் பாலத்தில் போக்குவரத்து நின்றது. எந்த விமானமும் குண்டு போடவில்லை. அரித்துப்போகும் சிறு பாலங்களுக்காக ஆற்றின் இரு கரையிலும் ஒரு செட் பெய்லி, பின்னோடு, கிளிப்போடு, கிரீஸ் தடவி வைக்கச் சொல்லி மனு போடுகிறோம். சுண்டல் தரும் மேஜையிலேயே மனுவும் இருக்கிறது, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள்.