பரியாரியார் காப்பாற்றிய ஆட்கள்

வணக்கம் நேயர்களே.

தமிழ் மருந்தா, இங்கிலிஸ் மருந்தா என்ற வழக்கு எங்கள் வன்னிப் பக்கம் ஓய்ந்ததில்லை. முழங்கால் வாதத்துக்கு எண்ணெய் பூசுவதா, ஊசி போடுவதா என்றால் ஆறுதலாக இருந்து வாதாடலாம். ஒன்று சரிவராவிட்டால் மற்றதைப் பார்க்கலாம். பாம்புக்கடிக்கு அந்த அவகாசம் கிடையாது. அதனால் இன்றைக்கு அதை வைத்தே பேசுகிறேன். தாதியாக ஆஸ்பத்திரி விடுதியில் நின்றவள் என்ற வகையில் எனக்குப் பழகிய இடமும் அதுதான்.

"விசகடிப் பரியாரியார் எத்தனை பேரைக் காப்பாற்றியிருக்கிறார் தெரியுமோ?" என்று என்னிடம் கேட்டவர்கள் நிறையப் பேர். அவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று நான் நினைத்ததில்லை. கடிபட்டவர் போனார், பரியாரியார் பார்வை பார்த்தார், பச்சிலை அரைத்துக் கட்டினார், ஆள் அடுத்த கிழமை அரிவு வெட்டுக்குப் போய்விட்டார். கண்டது உண்மை. ஆனால் கடித்தது எது? வயல் வரம்பில் சாரையும் கடிக்கும், தண்ணீர்ப்பாம்பும் கடிக்கும். நாகமோ கண்ணாடிப் புடையனோ கடித்தாலும் சிலவேளை விசத்தை இறக்காது, பல்லுத் தடம் மட்டும் இருக்கும். இவர்களெல்லாம் பச்சைத் தண்ணீர் குடித்திருந்தாலும் பிழைத்திருப்பார்கள். ஆனால் அத்தனை பேரும் பரியாரியார் கணக்கில் வரவு. செத்தவர் மட்டும் "பிந்திக் கொண்டு வந்தவை" என்ற கணக்கில் போய்விடுவார்.

அந்த மருந்து இல்லாமல் விட்டிருந்தால் என்ன நடந்திருக்கும்? ஆதாரம் என்று மருத்துவத்தில் கேட்பது இந்த ஒரு கேள்வியைத்தான். 1747 இல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் வைத்தியர், பல்லீறு வீங்கி நலிந்து கிடந்த 12 மாலுமிகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்து, ஒவ்வொரு சோடிக்கும் ஒவ்வொரு வைத்தியம் செய்து பார்த்தார். தோடம்பழமும் எலுமிச்சையும் தின்ற இருவர்தான் முதலில் எழும்பினார்கள்.

விடுதியில் நாங்கள் செய்யும் ஒரு சோதனையைச் சொல்கிறேன். பெரிய இயந்திரம் ஒன்றும் வேண்டாம். ஈரமில்லாத, சுத்தமான கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் இரத்தம் எடுத்து, அசைக்காமல் 20 நிமிடம் வைப்போம். பிறகு மெல்லச் சரிப்போம். கட்டியாக நின்றால் மனதுக்கு ஒரு ஆறுதல். புடையன் விசம் ஏறியவரின் இரத்தம் உறையாமல் தண்ணீராக ஓடும். சவர்க்காரம் போட்டுக் கழுவிய குழாய் பொய் சொல்லிவிடும், பிளாஸ்டிக் குழாயும் அப்படித்தான். விசமுறி மருந்து ஏற்றி 6 மணித்தியாலம் கழித்துத் திரும்பவும் பார்ப்போம். மருந்து வேலை செய்ததா என்பதை நானோ டொக்டரோ சொல்லத் தேவையில்லை, குழாய் காட்டும்.

இதைக் கேட்டு இங்கிலிஸ் வைத்தியம் வென்றுவிட்டது என்று எழும்பிப் போய்விடாதீர்கள். விசமுறி மருந்து குதிரையின் இரத்தத்திலிருந்து எடுப்பது, இந்தியாவிலிருந்து வருவது. அதை ஏற்றும்போது பலருக்கு உடம்பு தடிக்கும், நடுக்கம் வரும், சிலருக்குப் பிரசர் விழும். இதைத் தடுக்கவென்று ஹைட்ரோகோர்ட்டிசோனும் புரோமெத்தசினும் போடுகிற வழக்கம் இருந்தது. 2011 இல் வெளிவந்த ஆய்வொன்றில், இலங்கையிலேயே 1007 நோயாளிகளிடம், யாருக்கு எது போகிறது என்று கொடுப்பவருக்கும் தெரியாமல் இவற்றைச் சோதித்தார்கள். அந்த இரண்டு மருந்தாலும் கடுமையான ஒவ்வாமை குறையவில்லை. முன்கூட்டியே சிறிதளவு போட்ட அட்ரினலின்தான் குறைத்தது. அதாவது அவ்வளவு காலமும் நாங்களும் ஒருவிதப் பார்வைதான் பார்த்துக்கொண்டிருந்தோம்! வித்தியாசம், அதை எங்களுடைய ஆட்களே சோதித்துப் பிழை என்று எழுதினார்கள்.

மூலிகையையும் இதே தராசில்தான் போட வேண்டும். சர்ப்பகந்தா வேரைப் பாம்புக்கடிக்குக் கொடுத்து வந்தார்கள். அது பிரசரைக் குறைக்கிறது என்று பம்பாய் வைத்தியர் ருஸ்தம் ஜல் வகீல் 1949 இல் கணக்கோடு எழுதினார். 1952 இல் அதிலிருந்து ரெசர்பின் என்ற மருந்தைப் பிரித்தெடுத்தார்கள். வேரில் சக்தி இருந்தது, ஆனால் நம்பிய இடத்தில் இல்லை. எங்கள் வேலிகளில் பூக்கிற கார்த்திகைப்பூவின் கிழங்கில் உள்ள கொல்ச்சிசின், கௌட் என்ற மூட்டு வாதத்துக்கு உலகம் முழுக்கக் கொடுக்கிற மருந்து. அதே கிழங்கு அளவு மிஞ்சினால் ஆளைக் கொல்லும். இயற்கையானது கெடுதல் செய்யாது என்பவர்கள் இதற்கு என்ன சொல்வார்களோ தெரியாது. 2020 டிசம்பரில் கேகாலையில் கொரோனாவுக்கென்று தேனும் சாதிக்காயும் சேர்த்த பாணிக்குச் சனம் முண்டியடித்தது. அதைப் பற்றி நேரம் செலவழிக்க விருப்பமில்லை.

கட்டுவிரியன் என்றும் சொல்லுகிற எட்டடி விரியனைச் சொல்லாமல் விட முடியாது. நிலத்தில் பாய் போட்டுப் படுத்தவரை இரவில் கடிக்கும். நோவு பெரிதாக இராது, தடமும் தெரியாது. விடியப்புறம் வயிற்றுக்குத்து. செமியாக்குணம் என்று ஓமத்தண்ணீர் கொடுத்துக்கொண்டிருப்போம், அதற்குள் கண்ணிமை விழுந்துவிடும். இந்தக் கடியில் விசமுறி மருந்து ஏற்றினாலும் சோர்ந்த தசை உடனே எழும்பாது. மூச்சு இயந்திரம்தான் ஆளை வைத்திருக்கும். ஆகவே இயந்திரம் உள்ள ஆஸ்பத்திரிக்கு நேரத்தோடு போய்ச் சேருவதுதான் வைத்தியத்தில் பாதி. நுளம்பு வலையை நன்றாகப் பாய்க்கடியில் செருகிப் படுத்தால் பாம்பு உள்ளே வராது.

பரியாரியாரிடம் போகிறவர்களைக் குறை சொல்லி என்ன பயன்? இரவில் பஸ் இல்லை, பரியாரியார் பக்கத்து ஒழுங்கையில் இருக்கிறார், அவர் ஏசுவதும் இல்லை. விடுதியில் நாங்கள் ஏசியிருக்கிறோம். நாடி பிடித்துப் பார்த்துவிட்டு, "இது என்னுடைய வேலையில்லை, உடனே கொண்டு போங்கோ" என்று ஓட்டோ பிடித்து அனுப்புகிற பரியாரிமாரும் இருக்கிறார்கள். அப்படி வந்தவர்களுக்கு வைத்தியம் செய்வது எங்களுக்குச் சுகம்.

ஆகவே கடிபட்டால் கீறவோ உறிஞ்சவோ வேண்டாம், இறுக்கிக் கட்டவும் வேண்டாம். ஏற்கெனவே கட்டியாயிற்று என்றால் வழியில் அவிழ்க்காமல் வாருங்கள், விடுதியில் டொக்டர் பார்த்து அவிழ்ப்பார். பாம்பை அடிக்கத் தேடி நேரத்தைப் போக்க வேண்டாம். பரியாரியார் உள்ளுக்கு ஏதாவது தந்திருந்தால் அந்தச் சரையையும் கையோடு கொண்டு வந்து காட்டுங்கள், ஏசமாட்டோம்.

நன்றி, வணக்கம்.