ஸ்டோக் ரோவில் காசி மன்னர் வெட்டிய கிணறு

நேயர்களுக்கு வணக்கம்.

இங்கிலாந்தில் ரெடிங் நகருக்கு வடக்கே, சில்டர்ன் குன்றுகளின் மேல் ஸ்டோக் ரோ என்றொரு சிற்றூர் இருக்கிறது. ஆக்ஸ்ஃபோர்ட்ஷயரைச் சேர்ந்த ஊர். பீச் மரக்காடு, ஒரு தேவாலயம், ஓரிரண்டு பழைய மதுக்கடைகள், சாலையோரமாக வீடுகள், அவ்வளவுதான். அந்தச் சாலையோரத்தில் இரும்புத் தூண்களின் மேல் ஒரு குவிமாடம் நிற்கிறது. காசியில் ஏதாவது ஒரு படித்துறைக்குப் பக்கத்தில் இருந்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டோம். இங்கே அதைப் பார்த்ததும் வண்டியை நிறுத்தத் தோன்றுகிறது. குவிமாடத்தின் அடியில் ஒரு கிணறு. நீர் இறைக்கும் எந்திரத்தின் மேல் தங்க முலாம் பூசிய யானை ஒன்று நிற்கிறது.

கிணற்றை வெட்டிக் கொடுத்தவர் காசி மகாராஜா ஈஸ்வரி பிரசாத் நாராயண் சிங்.

குடிநீர் வாரியத்தில் வேலை பார்த்தவன் நான், அதனால் முதலில் தண்ணீர்க் கதையைச் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்து மழைக்குப் பேர்போன நாடு. அங்கே தண்ணீர்ப் பஞ்சமா என்று கேட்பீர்கள். சில்டர்ன் குன்றுகள் சுண்ணப்பாறையால் ஆனவை. பெய்கிற மழை பாறையின் வெடிப்புகள் வழியாகக் கீழே இறங்கிப் போய்விடும். உச்சியில் ஆறும் கிடையாது, ஓடையும் கிடையாது. அந்தக் காலத்தில் ஸ்டோக் ரோ மக்களுக்குக் கிடைத்தது களிமண் குழிகளிலும் குட்டைகளிலும் தேங்கிய மழைநீர்தான். கோடையில் அதுவும் வற்றிவிட்டால் மைல் கணக்கில் நடந்து போய்ச் சுமந்து வரவேண்டும்.

பக்கத்து ஊரான இப்ஸ்டனைச் சேர்ந்தவர் எட்வர்ட் ஆண்டர்டன் ரீட். கம்பெனி ஆட்சியில் வட இந்தியாவில் உயர் பதவி வகித்தவர். 1831இல் அசம்கர் பகுதியில் ஒரு கிணறு வெட்ட உதவியிருக்கிறார். பின்னாளில் காசி மன்னருக்கு நண்பரானார். பேச்சுவாக்கில் தன் சின்ன வயதில் நடந்த ஒன்றை மன்னரிடம் சொன்னாராம். ஸ்டோக் ரோவில் ஒரு சிறுவன், வீட்டில் மிச்சமிருந்த கடைசித் தண்ணீரைக் குடித்துவிட்டான். அதற்காகத் தாய் அவனை அடித்திருக்கிறாள். ரீட் வேலையை முடித்துக்கொண்டு ஊர் திரும்பிய பிறகும் மன்னர் அதை மறக்கவில்லை. இங்கிலாந்துக்கு ஏதாவது தர்மம் செய்ய வேண்டும் என்று நினைத்தபோது அந்தப் பையன்தான் அவர் நினைவுக்கு வந்தான்.

வேலை தொடங்கிய நாள் 1863 மார்ச் 10, வேல்ஸ் இளவரசரின் கல்யாண நாள். கிணறு திறக்கப்பட்டது 1864 மே 24, விக்டோரியா ராணியின் பிறந்த நாள். தேதிகளைப் பார்த்தாலே புரியும், மன்னர் வெறும் இரக்கத்தால் மட்டும் இதைச் செய்யவில்லை. 1857 கலகத்தில் அவர் ஆங்கிலேயர் பக்கம் நின்றவர். ராணியின் மனம் குளிர வேண்டும் என்ற கணக்கும் இருந்திருக்கும். 1882இல் ராணியை ஒருவன் துப்பாக்கியால் சுட முயன்று அவர் தப்பியபோது, ஸ்டோக் ரோ மக்களுக்கு மன்னர் செலவில் விருந்து நடந்தது. கொடுத்த பணமும் காசிச் சீமையின் உழவர்கள் கட்டிய வரிதானே என்று யாராவது கேட்டால் எனக்கு மறுப்பதற்கு ஒன்றுமில்லை. ஆனாலும் ராணிக்கு ஒரு சிலை வைத்துவிட்டுப் போயிருக்கலாம். கிணறு வெட்டினார் பாருங்கள், அதுதான் எனக்குப் பிடித்திருக்கிறது.

ஆழம் 368 அடி. லண்டன் செயின்ட் பால் பேராலயத்தின் உயரமே 365 அடிதான். கிணற்றின் அகலம் வெறும் 4 அடி. முழுவதும் கையால் தோண்டியது. நாலடி அகலத்தில் ஒருவர் குனிந்து வெட்டவே இடம் போதாது. வெட்டிய மண்ணையெல்லாம் வாளியில் போட்டு மேலே இழுக்க வேண்டும், அதே வாளி தலைக்கு மேலே ஆடிக்கொண்டே இறங்கி வரும். பாதுகாப்பு விதிகளோடு வேலை பார்த்துப் பழகிய எனக்கு இதை நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது.

இறைக்கும் எந்திரத்தை வாலிங்ஃபோர்டில் இருந்த வைல்டர் பட்டறை செய்து கொடுத்தது. கைப்பிடியைச் சுற்றச் சுற்ற, பல்சக்கரங்கள் வாளியை மேலே கொண்டுவரும். வாளியில் 9 காலன், சுமார் 41 லிட்டர் பிடிக்கும். ஒரு வாளி மேலே வந்து சேரப் பத்து நிமிடம். இந்திய நகரங்களில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்று வைத்துத்தான் நாங்கள் குடிநீர்த் திட்டம் போடுவோம். அந்தக் கணக்குப்படி ஒரே ஓர் ஆளுக்கே அரைமணி நேரத்துக்கு மேல் கைப்பிடியைச் சுற்ற வேண்டும்! ஸ்டோக் ரோக்காரர்கள் அவ்வளவு தண்ணீரைக் கனவில்கூடக் கேட்டிருக்க மாட்டார்கள். காசில்லாமல் வீட்டுக்குப் பக்கத்திலேயே சுத்தமான நீர் கிடைத்ததே அவர்களுக்குப் பெரிய விஷயம்.

கிணற்றைப் பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் யானையைப் படமெடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். பின்னால் இருக்கும் தோட்டத்தையும் சுற்றிப் பார்க்க வேண்டும். கிணற்றோடு நாலு ஏக்கர் அளவில் நிலம் வாங்கி செர்ரி மரங்கள் வைத்தார்கள். பெயர் ஈஸ்வரி பாக். உள்ளே மீன் வடிவில் ஒரு குளம், அதற்கு மத்ஸ்யா என்று பெயர். கிணற்றுக் காவலருக்கு எண்கோண வடிவில் ஒரு குட்டி வீடு. செர்ரிப் பழம் விற்ற காசில் கிணற்றைப் பராமரிப்பது என்பது ஏற்பாடு. தோட்டத்தை ரீட் தாமே முன்னின்று கவனித்தார். எத்தனையோ ஊர்களில் திறப்பு விழாவோடு சரி, அடுத்த வருஷம் பழுது பார்க்க ஆளும் இருக்காது, பணமும் இருக்காது. இங்கே வருமானத்துக்கும் சேர்த்தே வழி செய்துவிட்டார்கள்.

குழாய்த் தண்ணீர் வந்த பிறகு கிணற்றுக்கு வேலையில்லாமல் போயிற்று. 1961இல் எலிசபெத் ராணி காசிக்கு வந்தபோது, அன்றைய காசி மன்னர் இந்தக் கிணற்றின் தந்த மாதிரி ஒன்றைப் பரிசளித்தார். 1964இல் நூற்றாண்டு விழா நடந்தது. இளவரசர் பிலிப் வந்திருந்தார். கங்கையிலிருந்து கொண்டுவந்த நீரைக் கிணற்று நீரோடு கலந்தார்கள்.

ஸ்டோக் ரோ வரை போகிறவர்கள் அன்றைக்கே யூவெல்மையும் பார்த்துவிட வேண்டும். சில மைல் வடக்கே, குன்றின் அடிவாரத்தில் இருக்கிறது. மேலே 368 அடி தோண்டினால்தான் நீர். இங்கேயோ சுண்ணப்பாறைக்குள் இறங்கிய நீர் ஊற்றாகத் தானே வெளியே வருகிறது. அந்த ஓடையில் பாத்தி கட்டி வாட்டர்கிரெஸ் கீரை வளர்த்து லண்டனுக்கு அனுப்பிய ஊர் இது.

யூவெல்மில் 1437இல் தொடங்கிய ஓர் அறச்சாலையும் உண்டு. பதின்மூன்று ஏழைகளுக்குத் தங்க இடமும் படியும் தர சஃபோக் பிரபுவும் அவர் மனைவி ஆலிஸ் சாசரும் நிறுவியது. அதைக் காப்பாற்ற மூன்று பண்ணைகளை எழுதி வைத்தார்கள். செர்ரித் தோட்டத்துக்கு நானூறு வருஷத்துக்கு முன்னாலேயே அந்த வட்டாரத்தில் இந்த யோசனை இருந்திருக்கிறது. அறச்சாலையில் இன்றும் ஆட்கள் குடியிருக்கிறார்கள். அதனால் முற்றத்தில் சத்தம் போடாமல் சுற்றிப் பார்த்துவிட்டு, ஒட்டியே இருக்கும் தேவாலயத்துக்குப் போகலாம். ஆலிஸின் கல்லறை அங்கேதான். மேலே பிரபுக் குலப் பெண்ணாகப் படுத்திருக்கும் அவருடைய சிற்பத்தை எல்லோரும் பார்க்கிறார்கள். தரையோடு தரையாகக் குனிந்து துவாரங்கள் வழியாக எட்டிப் பாருங்கள். எலும்பும் தோலுமான அவருடைய இன்னொரு சிற்பம் உள்ளே கிடக்கிறது. கையில் டார்ச் இருந்தால் நல்லது, உள்ளே வெளிச்சம் போதாது.

நன்றி, வணக்கம்.