பால்ரஸ் எகிறவே மாட்டேங்குது! சிலிக்கோன் கட்டி சோதனை

வணக்கம் மக்களே. எங்கள் மண்டபம் ஊரில் இன்று காற்று பலம், அதனால் மொட்டைமாடியை விட்டுவிட்டு வலைக் கொட்டகைக்குள் வந்துவிட்டேன். மைக்குக்குப் பஞ்சு சுற்றச் சொல்லி யாரும் கமெண்ட் போட வேண்டாம், சுற்றியாகிவிட்டது.

போன வாரம் டவுனில் போனுக்கு உறை கேட்டேன். கடைக்காரர் கட்டைவிரல் தடிமனில் ஒன்றை எடுத்து வைத்து, "தடியா இருந்தா அடி தாங்கும் தம்பி" என்றார். 650 ரூபாய்! இந்தப் பேச்சுதான் எனக்கு ஆகவே ஆகாது. உள்ளே என்ன அமைப்பு இருக்கிறது என்று யாராவது கேட்கிறார்களா?

சரி, நாமே வார்த்துப் பார்ப்போம் என்று இரண்டு பாகமாகக் கலக்கும் சிலிக்கோன் ரப்பரை ஆன்லைனில் போட்டேன். கிலோ 1,100 ரூபாய், பரவாயில்லை. கூரியருக்கு 180, அதுவும் போகட்டும். ஆனால் வீட்டுக்கு வராதாம், ராமநாதபுரம் வந்து வாங்கிக்கொள்ள வேண்டுமாம். பஸ் ஏறிப் போனால் ஷட்டர் பாதி இறங்கியிருக்கிறது, சாப்பாட்டு நேரமாம். பிரியாணி வாசனை வெளியே வருகிறது, என் பார்சல் வரவில்லை. அந்த 180 ரூபாய் எதற்கு என்று யாராவது சொல்லுங்களேன். விடுங்கள்.

மூன்று கட்டி வார்த்தேன். ஒன்று வெறும் சிலிக்கோன். அடுத்ததில் பொடியாக நறுக்கிய பனந்தும்பு. மூன்றாவதில் ஐஸ் குச்சிகளைச் சாய்வாகச் செருகி, இறுகியதும் உருவினேன். உள்ளே சாய்ந்த பிளவுகள், நடுநடுவே மெல்லிய சுவர்கள்.

லாரி பேரிங்கில் இருந்து எடுத்த பெரிய பால்ரஸை, அதாவது இரும்புக் குண்டை, எல்லாவற்றிலும் ஒரே உயரத்தில் இருந்து விட்டேன். குண்டு குறைவாக எகிறினால் கட்டி அடியை விழுங்குகிறது என்று அர்த்தம். வெறும் கட்டியில் பாதி உயரத்துக்கு மேல் எகிறியது. ரப்பர் அழுங்கும்போது வாங்கிய ஆற்றலில் பெரும்பங்கை நிமிரும்போது திருப்பிக் கொடுத்துவிடுகிறது. மிச்சம்தான் சூடாகப் போகிறது. தடிமன் கூடினால் அடி மெதுவாக இறங்கும், ஒப்புக்கொள்கிறேன். திருப்பி எறிகிற குணம் போகாதே!

அட, குச்சியில் வாசலின் தடவியதைச் சொல்லவில்லையே. தடவிவிட்டுச் செருகுங்கள், இல்லாவிட்டால் சுவரும் சேர்ந்து பிய்ந்து வரும்.

தும்புக் கட்டியில் எகிறல் குறைந்தது. ரப்பர் இழுபடும் அளவுக்குத் தும்பு இழுபடாது. இரண்டும் ஒட்டியிருக்கிற இடம் வழுக்கி உரசும், உரசலில் ஆற்றல் கரையும். படகுத்துறையில் படகுகளுக்கு நடுவே தொங்குகிற பழைய டயரிலும் இந்தச் சங்கதி உண்டு. ரப்பரில் கலந்திருக்கும் கரித்தூள் துகள்கள் ஒன்றையொன்று பிடித்திருக்கும். அழுத்தினால் பிடி விடும், மறுபடி பிடிக்கும், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் ஆற்றலைச் சூடாக்கிவிடும்.

மூன்றாவது கட்டி! சத்தியமாகக் கைதட்டிவிட்டேன். தொப்பென்று உட்கார்ந்துவிட்டது. ஸ்லோமோஷனில் பாருங்கள், சுவர்கள் முதலில் விறைத்து நிற்கின்றன, அப்புறம் சட்டென்று ஒரு பக்கமாக மடங்குகின்றன. சேர்ந்த ஆற்றல் அந்த மடங்கலில் அதிர்வாகச் சிதறி ரப்பருக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. இன்னொரு தடவை போடுகிறேன். இன்னொரு தடவை! 2015-ல் அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் காத்யா பெர்டோல்டி என்ற ஆய்வாளரின் குழு இதே சாய்ந்த சுவரை 3டி அச்சில் செய்தது. அவர்களுடைய சுவர் மடங்கிய நிலையிலேயே பூட்டிக்கொண்டு ஆற்றலைப் பிடித்து வைக்கும், பிடித்து இழுத்தால்தான் நிமிரும். என்னுடையது தானாக நிமிர்ந்துவிடுகிறது, அடுத்த அடிக்குத் தயார்.

கடல் அட்டையை, அதான் கடலடியில் ஊருகிற அந்த மெத்தென்ற உயிரினத்தை, வைத்துச் செய்யலாமே என்று கேட்டவர்களே, என்னை உள்ளே தள்ளப் பார்க்கிறீர்களா? 2001-ல் இருந்து இந்தியாவில் சட்டப்படி அதைப் பிடிக்கவே கூடாது. ஆனால் தோல் என்றால் அது தோல்! மெத்தென்ற கூழுக்குள் கொலாஜன் என்ற புரத இழைகள். தொட்டதும் இழைகளுக்கு இடையே பிணைப்பு இறுகி விறைத்துவிடும். அதைப் பார்த்துத்தான் 2008-ல் அமெரிக்காவின் கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகத்தார் ரப்பருக்குள் செல்லுலோஸ் நுண்ணிழைகளைப் பதித்தார்கள். நனைத்தால் இழைகளின் பிணைப்பு தளர்ந்து, அதன் விறைப்பு 800 மெகாபாஸ்கலில் (விறைப்பை அளக்கும் அலகு) இருந்து 20-க்கு இறங்கியது.

உயரத்தைக் கூட்டியபோது என் மூன்றாவது கட்டியும் பால்ரஸை எகிற விட்டது. பிளவுகள் முழுக்க மூடிவிட்டால் அதுவும் வெறும் ரப்பர்தானே. அடுத்து மேலே மெல்லிய சுவர், கீழே தடித்த சுவர் என்று அடுக்காக வார்க்கப் போகிறேன். தும்பையும் ஒரே திசையில் அடுக்கிப் பார்க்கிறேன். இதைவிடப் பெரிய பால்ரஸ் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், பரமக்குடி வரை வந்து வாங்கிக்கொள்கிறேன்.