படத்தைக் கெடுக்கிறது பக்கத்து சீட்டு தாங்க!

நடுவர் அய்யாவுக்கும், சால்வையும் மங்கி குல்லாவுமா வந்து இந்தப் பனியிலயும் எந்திரிக்காம உக்காந்திருக்கிற குன்னூர் மக்களுக்கும், எதிர்ல இருக்கிற அணிக்கும் வணக்கம்ங்க.

"தியேட்டர்ல நிம்மதியா படம் பாக்க விடாம பண்றது தியேட்டர்காரங்களா, கூட உக்காந்து பாக்குற ஜனங்களா"ங்கிறது தலைப்பு. எனக்கு முன்னாடி பேசின எதிரணித் தம்பி தியேட்டர்காரங்க தான்னு அடிச்சுப் பேசினாரு. பாப்கார்ன் விலை, கிழிஞ்ச சீட்டு, பாதியில நின்னு போற படம், மங்கலா தெரியிற ஸ்கிரீன், காதைக் கிழிக்கிற சவுண்டுன்னு வரிசையா சொன்னாரு, நீங்களும் கை தட்டினீங்க. அவர் சொன்னதுல ஒண்ணும் பொய் இல்லீங்க, நானும் கிழிஞ்ச சீட்டுல உக்காந்திருக்கேன். ஆனா தம்பி சொன்னதெல்லாம் அசௌகரியம். படத்தையே நம்ம கையில இருந்து பிடுங்கிட்டுப் போறது யாருன்னு கேட்டா, அது பக்கத்து சீட்டு ஆளு தான். அதைத் தான் நான் சொல்ல வந்திருக்கேன்.

முதல்ல ஒண்ணு யோசிங்க. கீழ சமவெளியில இருக்கிறவங்களுக்கு படம்னா மூணு மணி நேரம், இல்லீங்களா, நினைச்சா கிளம்புவாங்க, முடிஞ்சா வீட்டுக்கு வந்துருவாங்க. நமக்கு அப்படியா? எஸ்டேட் லைன் வீட்டுல இருந்து, ஹட்டின்னு சொல்ற படுகர் ஊர்ல இருந்து, ஒரு படம் பாக்கணும்னா ஒரு நாள் பூரா போயிரும். ரோட்டுக்கு நடந்து வரணும், பஸ்ஸுக்கு நிக்கணும், பெரிய ஸ்கிரீன்ல பாக்கணும்னு ஆசைப்பட்டு மேட்டுப்பாளையம், கோயமுத்தூர்னு இறங்கினா 14 கொண்டை ஊசி வளைவு, குழந்தைக்கு வாந்தி, திரும்பி வர்றப்போ பனிமூட்டத்துல வண்டி ஊர்ந்து ஊர்ந்து வரும், இதுல பர்லியார்கிட்ட ஒரு மரம் விழுந்துச்சுன்னா அன்னிக்கு ராத்திரி எத்தனை மணிக்கு வீடு சேருவோம்னு யாருக்கும் தெரியாது. இலை பறிக்கிற எங்கக்காவுக்கு லீவுன்னா ஞாயித்துக்கிழமை மட்டும் தான். அந்த ஒரு ஞாயிறை, துவைக்கிறதை விட்டு, ரேஷனை விட்டு, சினிமாவுக்குன்னு ஒதுக்கி அவங்க வந்து உக்காருறாங்க. அவங்க பக்கத்துல உக்காந்து ஒருத்தர் போன்ல ரீல்ஸ் பாத்தா அவர் எடுத்துக்கிட்டது எங்கக்காவோட டிக்கெட் காசை மட்டும் இல்லீங்க, அந்த ஞாயித்துக்கிழமையையே.

போன் வெளிச்சம் என்ன பெருசா பண்ணிரும்னு கேக்குறாங்க, "நான் என் மடியில வெச்சு தானே பாக்குறேன், உங்களுக்கு என்ன"ன்னு என்கிட்டயே கேட்டிருக்காங்க. என்ன பண்ணும்னு சொல்றேன். நம்ம கண்ணு இருட்டுக்கு முழுசா பழகணும்னா 20ல இருந்து 30 நிமிஷம் ஆகும். கண் பாப்பா வெளிச்சம் பட்டா சட்டுனு சுருங்கிரும், ஆனா திரும்ப விரியுறதுக்கு அதை விட ரொம்ப நேரம் எடுத்துக்கும். ஒரு ராத்திரி சீன் ஓடுது, டைரக்டரும் கேமராமேனும் உயிரைக் கொடுத்து ஒரு மூலையில மட்டும் சின்னதா வெளிச்சம் வெச்சு, மீதியெல்லாம் இருட்டுல விட்டு எடுத்திருக்காங்க, அந்த நேரம் முன் வரிசையில பளிச்சுனு ஒரு வெள்ளைச் சதுரம் எரிஞ்சா, நீங்க வேணாம்னு நினைச்சாலும் கண்ணு அங்க தான் போகும், ஏன்னா ஓரத்துல அசையிற வெளிச்சத்தைப் பாக்காம நம்ம கண்ணால இருக்க முடியாது, அது கண்ணோட குணம். அவர் மெசேஜ் பாத்துட்டு போனை பாக்கெட்ல போட்டுருவாரு. நமக்கு அந்த சீன் போச்சு. வீட்டுல டிவின்னா பின்னாடி தள்ளிப் பாக்கலாம், தியேட்டர்ல யார்கிட்ட போய் கேக்குறது?

இங்க தான் நான் எதிரணியில இருந்து ரொம்ப விலகிப் போறேன். படம் பாதியில நின்னு போச்சுன்னு தம்பி கோவப்பட்டாரு. மழைக்காலத்துல நம்ம ஊர்ல கரண்ட் போறது புதுசா? படம் நின்னா என்ன ஆகும், மொத்த தியேட்டரும் "ஆப்பரேட்டர்ர்ர்"னு கத்தும், யாரோ விசில் அடிப்பாங்க, பின்னாடி சீட்டு அம்மா முறுக்கு பொட்டலத்தைப் பிரிச்சு நமக்கும் ரெண்டு நீட்டுவாங்க, வெளிய மழை தகரத்துல விழுகிற சத்தம் அப்ப தான் காதுல கேக்கும், ஜெனரேட்டர் போட்டதும் விட்ட இடத்துல இருந்து படம் ஓடும். நஷ்டம் எல்லாருக்கும் ஒண்ணு, சேர்ந்து பொறுத்துக்கிட்டோம், படம் திரும்பக் கிடைச்சுது. பக்கத்து ஆளு கெடுத்தது அப்படித் திரும்பக் கிடைக்காதுங்க.

சவுகரியம் இல்லாததால தான் படம் கெடுதுன்னா, அந்தக் காலத்துல ஒருத்தரும் சினிமாவை ரசிச்சிருக்கவே முடியாது. நம்ம கோயமுத்தூர்க்காரர் சாமிக்கண்ணு வின்சென்ட், ரயில்வேல டிராஃப்ட்ஸ்மேனா வேலை பாத்தவரு, 1905ல ஒரு பிரெஞ்சுக்காரர்கிட்ட புரொஜக்டரும் பிலிமும் வாங்கிட்டு ஊர் ஊராப் போய் கூடாரம் போட்டு படம் காட்டினாரு, அப்புறம் 1914ல கோயமுத்தூர்ல வெரைட்டி ஹாலைக் கட்டினாரு. அந்தக் கூடாரத்துல ஏசி இருந்துச்சா, சாயுற சீட்டு இருந்துச்சா? படத்துக்கு சத்தம் கூட கிடையாது. ஆனாலும் ஜனம் வாயைப் பொளந்துக்கிட்டு பாத்துது. எங்கம்மா சொல்லுவாங்க, அவங்க சின்ன வயசுல எஸ்டேட் கிரவுண்ட்ல வெள்ளைத் துணி கட்டி படம் போடுவாங்களாம், பனியில கம்பளியைப் போத்திக்கிட்டு, தரையில சாக்கு விரிச்சு உக்காந்து பாப்பாங்களாம், துணி காத்துல ஆடுறப்போ ஹீரோ மூஞ்சியும் சேர்ந்து ஆடுமாம். அந்தப் படத்துல ஒவ்வொரு சீனையும் அம்மா இன்னிக்கும் சொல்றாங்க. ஏன்னா சுத்தி உக்காந்திருந்த எல்லாரும் அந்தத் துணியை மட்டும் தான் பாத்துக்கிட்டு இருந்தாங்க.

உடனே எதிரணி அக்கா எந்திரிச்சு "அப்போ விசில் அடிக்கிறவன், பேப்பர் கிழிச்சு எறியுறவன் எல்லாம் உங்க லிஸ்ட்ல இருக்கானா"ன்னு கேப்பாங்க. இல்லவே இல்லைங்க! விசிலுக்கு நான் முழு ஆதரவு. முதல் நாள் முதல் ஷோவுல ஹீரோ என்ட்ரிக்கு விசில் அடிக்கிறவன் ஸ்கிரீனைப் பாத்து தான் அடிக்கிறான், அவன் படத்துக்குள்ள இருக்கான். பாட்டி ஒருத்தங்க வில்லனைப் பாத்து "நாசமாப் போறவனே"ன்னு சத்தமாத் திட்டினாங்க, தியேட்டரே சிரிச்சுது, யாருக்கும் படம் கெடல. அதே தியேட்டர்ல ஒருத்தர் அவ்வளவு மெதுவா, பக்கத்துல இருக்கிறவர் காதுல மட்டும், "இப்ப பாரு, இவன் தான் கொலைகாரன்"னு சொன்னாரு. எனக்கும் கேட்டுச்சு. முக்கால்வாசி படம் மீதி இருக்கு, நான் என்னத்தைப் பாக்குறது? சத்தம் கெடுக்கிறது கம்மிங்க, படத்துல மனசு இல்லாம வந்து உக்காருறாங்க பாருங்க, அது தான் கெடுக்குது.

கைக்குழந்தைக்காரங்களையும் நான் குறை சொல்ல மாட்டேன், அதையும் இந்த மேடையிலயே சொல்லிடுறேன். குழந்தை அழுதா அந்த அம்மா எந்திரிச்சுப் போய் கதவுகிட்ட நின்னு, தட்டிக்கிட்டே எட்டி எட்டிப் பாப்பாங்க, கூட வந்த அய்யா சீட்டை விட்டு அசைய மாட்டாரு. கேள்வி கேக்கணும்னா அவரைக் கேளுங்க. அதே மாதிரி கடைசி பஸ்ஸைப் பிடிக்கணும்னு கிளைமாக்ஸ்ல எந்திரிக்கிறவங்க கஷ்டமும் எனக்குத் தெரியும், பஸ்ஸை விட்டா அவங்க எங்க போய்ப் படுப்பாங்க? சீக்கிரம் போகணும்னு தெரிஞ்சவங்க ஓர சீட்டா கேட்டு வாங்கிக்கிட்டா போதும், நடு வரிசையில இருந்து பத்து பேர் காலை மிதிச்சுக்கிட்டு வர வேண்டியதில்ல.

ஆனா குடை! நம்ம மலைக்கே உரிய தொல்லை இது. ஜூன், ஜூலையில நனைஞ்ச குடையை எடுத்துட்டு வந்து, மடக்கி சீட்டுக்கடியில வெச்சாலாவது பரவால்ல, காயட்டும்னு நடைபாதையில விரிச்சு வைக்கிறாங்க. தியேட்டர் தரை சரிவுங்க. அந்தத் தண்ணி ஓடி வந்து முன் வரிசையில கீழ வெச்ச பையெல்லாம் நனைச்சிரும். ஒரு தடவை இடைவேளை முடிஞ்சு லைட்டை அணைச்சதும், கையில டீ கப்போட வந்த ஒரு பெரியவர் விரிச்சு வெச்ச குடையில கால் மாட்டி விழுந்துட்டாரு, குடைக் கம்பி கெண்டைக்கால்ல கிழிச்சு ரத்தம், சூடு டீ கீழ இருந்த பொண்ணு தோள்ல. தியேட்டர் பையன் டார்ச் எடுத்துக்கிட்டு ஓடி வந்தான். குடைக்காரர் என்ன சொன்னாரு தெரியுமா? "பாத்து வரக் கூடாதா"ன்னு அந்தப் பெரியவரைத் திட்டினாரு. இதுல நிர்வாகம் என்ன தப்பு பண்ணுச்சுன்னு எதிரணி சொல்லட்டும்.

சின்னப் பசங்களை உள்ள விட்டது நிர்வாகம் தானேன்னு தம்பி கேட்டாரு. 'ஏ' சர்டிபிகேட் படத்துக்கு 18 வயசுக்குக் கீழ விடக் கூடாதுன்னு சட்டமே இருக்கு. 2024ல வந்த விதியில 'யுஏ'வையே 7, 13, 16னு வயசு பிரிச்சு, பெத்தவங்க பாத்து முடிவு பண்ணிக்கட்டும்னு கொடுத்திருக்காங்க. வாசல்ல டிக்கெட் கிழிக்கிற பையன் "அக்கா, இது குழந்தைங்களுக்கான படம் இல்லீங்க"ன்னு சொன்னா, "காசு கொடுத்தது நாங்க, நீ யாரு கேக்க"ன்னு சண்டைக்குப் போறது யாரு? உள்ள போய் பாதிப் படத்துல குழந்தை பயந்து வீல்னு கத்துறப்போ முந்நூறு பேரும் சேர்ந்து அனுபவிக்கிறோம்.

கடைசியா ஒண்ணு. தியேட்டர்காரங்க தப்பு பண்ணா கேக்க வழி இருக்குங்க. 2023 ஜனவரியில உச்ச நீதிமன்றம், வெளிச் சாப்பாட்டைத் தடுக்க தியேட்டருக்கு உரிமை உண்டு, ஆனா சுத்தமான குடிதண்ணி இலவசமாத் தரணும், கைக்குழந்தைக்கு சாப்பாடு கொண்டு வந்தா தடுக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கு. கிழிஞ்ச சீட்டுன்னா மேனேஜர்கிட்ட போய் வேற சீட்டு கேக்கலாம். படத்தைத் திருட்டுத்தனமா போன்ல பிடிச்சா 2023ல திருத்தின சினிமா சட்டப்படி 3 மாசத்துல இருந்து 3 வருஷம் வரைக்கும் ஜெயில், 3 லட்சத்துக்குக் குறையாம அபராதம், அது படத்தோட தயாரிப்புச் செலவுல 5 சதவீதம் வரைக்கும் போகலாம். ஆனா பக்கத்துல உக்காந்து போன்ல சத்தமா "மச்சான், தியேட்டர்ல இருக்கேன்டா, சொல்லு"ன்னு பேசுறவரை என்ன சட்டத்துல கேக்க முடியும்? நாம தான் திரும்பி, "அண்ணா, கொஞ்சம் வெளிய போய்ப் பேசுங்க"ன்னு கேக்கணும். கேட்டா முறைப்பாரு. அப்படி முறைச்சா வரிசையில இருக்கிற எல்லாரும் சேர்ந்து கேளுங்க, தனியா கேக்குற பொம்பளைய விட்டுட்டு ஸ்கிரீனைப் பாத்துக்கிட்டு இருக்காதீங்க, இதை நான் இந்த மேடையில கெஞ்சியே கேட்டுக்கிறேன்.

எதிரணிக்கு ஒரே கேள்வி. கிழிஞ்ச சீட்டுல உக்காந்து பாத்த நல்ல படம் உங்க ஞாபகத்துல இருக்கும். பக்கத்துல விடாம பேசிக்கிட்டே இருந்த ஆளோட பாத்த படத்தோட கதை ஞாபகம் இருக்கா? அடுத்து பேச வர்ற அக்கா அதுக்கு மட்டும் பதில் சொல்லட்டும், நடுவர் அய்யா அதைக் கேட்டுட்டு தீர்ப்பு சொல்லட்டும். நன்றிங்க, வணக்கம்.