மழைச் சத்தமும் பிள்ளையின் நித்திரையும்

வணக்கம். இங்கே பள்ளிக்கூட ஆசிரியர்கள் இருக்கிறீர்கள், பிள்ளைக்காம்பரா என்கிற தோட்டத்துக் குழந்தைப் பராமரிப்பிடத்தைப் பார்ப்பவர்கள் இருக்கிறீர்கள், தேயிலைக் கொழுந்து நிறுத்துவிட்டு நேரே வந்த தாய்மாரும் இருக்கிறீர்கள். மண்சரிவுபோன்ற அனர்த்தம் பிள்ளையின் மனதில் விட்டுப்போகும் காயத்தை, அதாவது மனவடுவை, ஆற்றுவது பற்றித்தான் இன்று பேசப்போகிறோம். அதனால் மழையிலிருந்தே தொடங்குவோம்.

2014 ஒக்டோபர் 29 காலை இலங்கை மலையகத்தில், கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்கள் மண்சரிவில் மண்ணுக்குள் போனபோது பிள்ளைகள் பலர் பள்ளிக்கூடத்தில் இருந்ததால் தப்பினார்கள். திரும்பி வந்தால் வீடு இருந்த இடத்தில் சேறுதான். மண் சரிந்ததை ஒரு பிள்ளை கண்ணால் காணாமல் இருக்கலாம். ஆனாலும் தகரத்தில் மழை விழத் தொடங்கியதும் உடம்பு நடுங்கும், வயிறு வலிக்கும், தாயின் சேலையை விடாது. மனவடு பல நேரம் இப்படிச் சத்தத்திலும் மண்வாடையிலும்தான் ஒட்டிக்கொண்டிருக்கும்.

அனர்த்தத்துக்குப் பிந்திய முதல் மாதத்தில் திடுக்கிட்டு விழிப்பதும், படுக்கையில் சிறுநீர் போவதும், விட்டுப்போன விரல் சூப்பல் திரும்புவதும் பல பிள்ளைகளிடம் இருக்கும். அநேகருக்குத் தானாகவே குறையும். அந்த மாதத்தில் தேவைப்படுவது நேரத்துக்குச் சாப்பாடு, தெரிந்த முகம், கூடிய சீக்கிரம் பள்ளிக்கூடம். பாய்க்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் விரிப்பு போடுங்கள், ஏச வேண்டாம்.

பலர் தவறு செய்வதும் இந்த மாதத்தில்தான். அனர்த்தம் நடந்து நாலாம் நாள் வெளியிலிருந்து ஒரு குழு வரும். பிள்ளைகளை வட்டமாக உட்கார வைத்து, "நடந்ததைச் சொல்லுங்க, வரைஞ்சு காட்டுங்க" என்பார்கள். படம் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள். கிளறிவிட்ட பிள்ளையை அன்றிரவு சமாளிப்பது அப்பாயிதான். எல்லாரையும் உட்கார வைத்து ஒரே தடவையில் கொட்டச் சொல்லும் அந்த முறையை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பதில்லை. பிள்ளைக்கு நித்திரை வரவில்லையென்று பென்சோடயசெபின் வகைத் தூக்கக் குளிசை கொடுக்கக் கூடாதென்றும் அதன் 2013 வழிகாட்டி சொல்கிறது. பெரியவருக்கு எழுதிக் கொடுத்த குளிசையில் பாதி முறித்துக் கொடுக்கும் பழக்கம் சில வீடுகளில் உண்டு. அதை இன்றோடு விடுங்கள்.

நல்ல நோக்கம் மட்டும் போதாது என்பதற்கு நம் நாட்டிலேயே ஓர் ஆய்வு இருக்கிறது. போர் பாதித்த வடக்கில் 399 பிள்ளைகளைக் கொண்டு, பள்ளிக்கூடத்தில் 15 அமர்வுகள் நடத்தினார்கள். முடிவு 2012இல் வெளிவந்தது. அமர்வில் சேர்ந்த பெண்பிள்ளைகளின் மனவடு அறிகுறிகள், சேராமல் காத்திருந்த பெண்பிள்ளைகளுக்குக் குறைந்த அளவுக்குக்கூடக் குறையவில்லை. ஆகவே ஆசிரியர்களே, வகுப்பறையை ஒழுங்காக நடத்துங்கள், பிள்ளையைக் கவனியுங்கள். காயத்தைத் திறக்கும் வேலை உங்களுடையது அல்ல.

ஒரு மாதம் தாண்டியும் கெட்ட கனவு, பள்ளிக்கூடம் போக மறுப்பு, ஒரே விளையாட்டைத் திரும்பத் திரும்ப விளையாடுவது எல்லாம் நின்றபாடில்லை என்றால் அப்போதுதான் சிகிச்சை. அமெரிக்காவில் கோஹன், மனரினோ, டெப்ளிங்கர் ஆகிய மூவர் உருவாக்கிய, மனவடுவை மையமாகக் கொண்ட அறிகை நடத்தைச் சிகிச்சைக்கு (நினைப்பையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் பேச்சுச் சிகிச்சை) வலுவான சான்றுகள் உண்டு. 3 முதல் 18 வயது வரை செய்யலாம். வழக்கமாக 12 முதல் 16 அமர்வுகள். அதில் ஏறக்குறையப் பாதி நேரம் பெற்றோருக்கு. இந்தப் பாதியைத்தான் நம்மிடம் முதலில் வெட்டிவிடுகிறார்கள். தாய் கிளினிக்குக்கு வந்தால் அன்றைய பேர், அதாவது நாட்கூலி, போய்விடும் என்று பிள்ளையைப் பக்கத்து வீட்டு அக்காவோடு அனுப்புகிறார்கள். பத்துக்குப் பன்னிரண்டு அடி லயக் காம்பராவில் தாயின் மூச்சு வேகமாக ஓடினால் பிள்ளைக்குக் கேட்கும். தாயை விட்டுவிட்டுப் பிள்ளையை மட்டும் ஆற்ற முடியாது. அமர்வை ஞாயிறு அல்லது பௌர்ணமிப் போயா விடுமுறை நாளில் வைக்க முடியுமா என்று கேளுங்கள். கேட்பதில் வெட்கமில்லை.

முதல் அமர்வுகளில் மூச்சு. பிள்ளையை மல்லாக்கப் படுக்க வைத்து, வயிற்றில் ஒரு தீப்பெட்டி. நாலு எண்ணும் வரை இழுக்க, ஆறு எண்ணும் வரை விட. நெஞ்சு ஏறாமல் தீப்பெட்டி ஏறி இறங்க வேண்டும். பயமில்லாத நேரத்தில் ஐந்து நிமிடம், நாளுக்கு இரண்டு தரம். பயம் வந்தபிறகு பழக்க முயன்றால் ஒட்டாது.

அடுத்தது பயத்தை எதிர்கொள்வது. இதில் மலையகத்துக்கென்று ஒரு சிக்கல் உண்டு. "மழை ஒன்னும் செய்யாது" என்று இங்கே சொல்ல முடியாது, சில நாள் செய்யும். அது பொய் என்று பிள்ளைக்குத் தெரியும். ஆகவே மழையை அளக்கச் சொல்லுங்கள். நேர்ச்சுவர் உள்ள பிளாஸ்டிக் போத்தல் ஒன்றின் கழுத்தை வெட்டி, அதையே தலைகீழாகச் செருகுங்கள். அடியில் கூழாங்கல் போட்டு, வளைவு மறையும் வரை தண்ணீர் ஊற்றி, அங்கே சுழியக் கோடு. மேலே அடிமட்டம் வைத்துக் கோடு கீறி, மரமோ கூரையோ மறைக்காத இடத்தில் நிறுத்துங்கள். காலை 8.30க்குப் பார்த்து எழுதி, மறுபடி சுழியக் கோட்டுக்குக் கொண்டுவர வேண்டும். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் என்றால் விழிப்பு, 100 என்றால் ஆயத்தம், 150 என்றால் அல்லது ஒரு மணி நேரத்திலேயே 75 என்றால் வெளியேற்றம். இது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்கு. நிலத்தில் வெடிப்பு, சாயும் மரம், பீலியில் வரும் ஊற்றுத் தண்ணீர் திடீரென்று கலங்குவது அல்லது நிற்பது, இவற்றில் ஒன்றைக் கண்டாலும் எண்ணைப் பார்க்காமல் இறங்குங்கள்.

இப்போது தாய் பொய் சொல்லாமல் பேசலாம்: "இன்னும் ரெண்டு விரல்கூட வரல, பாரு." அளப்பது பிள்ளை, முடிவெடுப்பது பெரியவர். இதை மாற்றிவிடாதீர்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து போத்தலைப் பார்க்கும் பிள்ளை ஆறுதல் அடையவில்லை, காவல் காக்கிறது. படுக்கப் போகும்முன் ஒரு தரம் போதும். இரவு மழையைக் கவனிப்பது பெரியவர் பொறுப்பு.

அதன்பிறகு படிப்படியாக. போனில் பதிந்த மழைச் சத்தம் மெதுவாக இரண்டு நிமிடம், பிறகு தூறலில் இஸ்தோப்பில் (வாசல் விறாந்தையில்) நிற்பது, பிறகு மழை நேரத்தில் தாயோடு படுப்பது. ஒவ்வொன்றிலும் பயத்துக்கு 0 முதல் 10 வரை பிள்ளை எண் கொடுக்கட்டும். எண் பாதியாகும் வரை அங்கேயே இருக்க வேண்டும். உச்சத்தில் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினால், ஓடியதால்தான் தப்பினோம் என்று உடம்பு படித்துக்கொள்ளும். லயமே ஆபத்தான சரிவில் இருந்தால் இந்தப் பயிற்சி கூடாது. அங்கே வேண்டியது வேறிடம்.

நடந்ததைச் சொல்ல வைப்பது இதற்கெல்லாம் பிறகு, பயிற்சி பெற்றவரிடம். சாதாரணமான நாளொன்றில் தொடங்கி, கொடிய கணத்துக்குக் கடைசியில் வருவார்கள். "நான் தம்பிய எழுப்பியிருந்தா" போன்ற நினைப்புகள் அங்கேதான் வெளியே வரும். நடுவில் சில இரவுகள் கனவு கூடலாம். "கிளினிக் போயி மோசமாயிருச்சு" என்று குடும்பம் நிறுத்துவதும் அப்போதுதான். நிறுத்துவதற்கு அதைவிடக் கெட்ட இடம் கிடையாது.

நூல் கட்டுவது, மந்திரிப்பது பற்றிக் கேட்பீர்கள். கட்டட்டும். அடித்தாலோ, புகை போட்டாலோ, கிளினிக்கை நிறுத்தச் சொன்னாலோ மட்டும் தடுங்கள்.

தாயை இழந்த பிள்ளையிடம் "அம்மா வெளிநாடு போயிருக்காங்க" என்று சொல்லும் வழக்கத்தை நான் இரக்கமாகவே எடுத்துக்கொள்ள மாட்டேன். பக்கத்துக் காம்பரா அம்மா குவைத்திலிருந்து திரும்பி வருவதை அந்தப் பிள்ளை பார்க்கிறது. தன் அம்மா மட்டும் ஏன் வரவில்லை என்று தன்னிடமே குற்றம் தேடும். "அம்மா செத்துப் போயிட்டாங்க. திரும்பி வரமாட்டாங்க. ஒன்ன நான் பாத்துக்குவேன்." இந்த மூன்று வசனமும் போதும். மறுநாளும் கேட்கும், அதே வசனங்களையே சொல்லுங்கள்.

எங்கே போவதென்றால், அருகிலுள்ள ஆதார வைத்தியசாலையின் உளநலப் பிரிவு. அவசரத்துக்குத் தேசிய உளநல நிறுவனத்தின் 1926. வைத்தியருக்குத் தமிழ் தெரியாவிட்டால் வேறொரு பெரியவரை மொழிபெயர்க்கக் கேளுங்கள். சிங்களம் தெரியும் என்பதற்காக அந்தப் பிள்ளையையே தாயின் துயரத்தை மொழிபெயர்க்க வைக்க வேண்டாம். மழை அளவு எழுதிய கொப்பியையும் கொண்டு போங்கள். அதே வரியில் முதல்நாள் இரவு எத்தனை தரம் விழித்தது என்று எழுதியிருந்தால், பேசி விளக்கும் முன்பே வைத்தியருக்குப் பாதி தெரிந்துவிடும்.